கென்யாவில் ஒரு கிராமத்தைத் தத்தெடுக்கலாமா?

உங்கள் கேள்வி இது: கல்லூரி நண்பர்கள் இருபது பேர் சேர்ந்து பத்து லட்சம் ரூபாய் திரட்டியிருக்கிறீர்கள். மேற்கு கென்யாவில் ஒரு கிராமத்தைத் தத்தெடுத்து, மூன்று வருடத்தில் அங்கே மலேரியாவையும் வறுமையையும் குறைக்க நினைக்கிறீர்கள். கொசுவலைக்குச் சின்னதாக ஒரு விலை வைத்தால்தான் அதன் அருமை தெரியும் என்று உங்களில் சிலர் சொல்கிறார்கள். நான்கைந்து பேர் லீவு போட்டுவிட்டு நேரில் போய் வேலை செய்யவும் தயார். இது சரியான வழியா?

மேற்கு கென்யாவின் கிசுமு நகரில் ஆறு வருடம் சுகாதாரத் திட்டங்களில் வேலை பார்த்தவன் என்ற முறையில் என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பணத்தை அனுப்புங்கள். கிராமத்தைத் தத்தெடுக்க வேண்டாம். வலைக்கு விலை வைக்க வேண்டாம். மூன்று வருடத்தில் முடிகிற காரியமாக இதை நினைக்கவும் வேண்டாம். ஏன் என்று விளக்குகிறேன், கொஞ்சம் நீளும்.

முதலில் நான் கண்ட ஒரு காட்சி. கிசுமுவுக்குப் பக்கத்தில் சியாயா மாவட்டத்தில் ஒரு சின்ன அரசு மருந்தகம், மே மாதம். நீண்ட மழை என்று அங்கே சொல்லும் மார்ச் முதல் மே வரையிலான பருவத்தின் கடைசி. செம்மண் பாதை முழுக்கச் சேறு. காலை ஏழரை மணிக்கே வாசலில் முப்பது பேர். ஒரு தாய், முதுகில் துணியால் கட்டிய ஒன்றேகால் வயதுப் பையன். எட்டுக் கிலோ இருந்தான். நர்ஸ் அவன் விரலில் ஊசியால் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தை வெள்ளைப் பட்டையில் விட்டார். பதினைந்து நிமிடம். இரண்டு கோடு தெரிந்தது. மலேரியா. ஏ.எல். என்ற மலேரியா மாத்திரை ஒன்றை அங்கேயே தண்ணீரில் கரைத்துக் கொடுத்தார். காலையில் ஒன்று, இரவில் ஒன்று என மூன்று நாளைக்கு மொத்தம் ஆறு மாத்திரை. பாலோடோ கஞ்சியோடோ கொடுத்தால்தான் மருந்து உடம்பில் நன்றாகச் சேரும் என்று இரண்டு முறை சொன்னார்.

சோதனைக்குக் காசில்லை, மாத்திரைக்கும் காசில்லை. ஆனால் பையனுக்குக் காய்ச்சல் தொடங்கி மூன்று நாள் ஆகியிருந்தது. ஏன் முதல் நாளே வரவில்லை என்று நர்ஸ் கேட்டதற்கு அந்த அம்மா சொன்னது: மோட்டார் சைக்கிளுக்குக் கொடுக்கக் கையில் காசில்லை, மழையில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடக்க முடியவில்லை, பக்கத்துக் கடையில் வலிமாத்திரை வாங்கிக் கொடுத்துப் பார்த்தேன். அன்றைக்கு ஒரு கோழியை விற்றுவிட்டு வந்திருந்தார். அந்தப் பையன் பிழைத்துக்கொண்டான். ஆனால் சின்னக் குழந்தைக்கு வரும் கடுமையான மலேரியா ஒன்றிரண்டு நாளிலேயே ஆளைச் சாய்த்துவிடும். மருந்து இலவசம், மருந்து இருக்கும் இடத்துக்குப் போகும் வழி இலவசமில்லை. வறுமையும் மலேரியாவும் அங்கே இரண்டு தனிப் பிரச்சினைகள் இல்லை என்று நான் சொல்வது இதனால்தான்.

இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். மலேரியா உச்சத்துக்குப் போவது மழை முடிகிற நேரத்தில். மக்காச்சோளத்துக்குக் களை எடுக்க வேண்டிய நாட்களும் அவைதான். போன அறுவடைத் தானியம் தீர்ந்து, புது அறுவடை இன்னும் வராத பஞ்ச மாதங்களும் அவைதான். காய்ச்சலில் ஒருவர் படுத்தால், அவரைப் பார்த்துக்கொள்ள இன்னொருவர் உட்கார வேண்டும். களை எடுக்காத வயல் அந்த வருடம் முழுக்க வீட்டைப் பட்டினி போடும்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2023-ல் உலகம் முழுவதும் மலேரியாவால் இறந்தவர்கள் சுமார் 5,97,000 பேர். அதில் 95 சதவீதம் ஆப்பிரிக்கப் பகுதியில். அங்கே இறந்தவர்களில் நான்கில் மூன்று பேர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். கென்யாவுக்குள்ளேயே வித்தியாசம் பெரிது. 2020-ல் எடுத்த தேசிய ஆய்வில் சிறுவர்களின் ரத்தத்தில் மலேரியா கிருமி நாட்டின் சராசரியாக 6 சதவீதம், விக்டோரியா ஏரியைச் சுற்றிய மாவட்டங்களில் 19 சதவீதம்.

சரி, தத்தெடுப்புக்கு வருகிறேன். இந்த யோசனையைப் பெரிய அளவில் ஏற்கெனவே செய்து பார்த்துவிட்டார்கள், அதுவும் நீங்கள் சொல்லும் அதே மேற்கு கென்யாவில். 2004-ல் சியாயாவின் சவுரி கிராமத்தில் பொருளாதார அறிஞர் ஜெஃப்ரி சாக்ஸ் முன்னின்று தொடங்கிய மில்லினியம் கிராமங்கள் திட்டம் அது. வலை, உரம், நல்ல விதை, மருந்தகம், பள்ளியில் மதிய உணவு, தண்ணீர், சாலை எல்லாவற்றையும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் கொடுத்தால் கிராமம் வறுமைக் குழியிலிருந்து ஏறிவிடும், அப்புறம் தானே நடக்கும் என்பது எண்ணம். பத்து நாடுகளுக்கு விரிந்து 2015 வரை நடந்தது. 2018-ல் வெளியான இறுதி மதிப்பீட்டில் பார்த்த 40 அளவுகளில் 30-ல் அந்தக் கிராமங்கள் மற்ற கிராமங்களைவிட மேலே இருந்தன. விவசாயத்திலும் ஆரோக்கியத்திலும் நல்ல பலன். ஆனால் வீட்டுச் செலவை வைத்து அளந்த வறுமையில் குறிப்பிடும்படியான மாற்றம் இல்லை.

இதைத் தோல்வி என்று எழுதித் தள்ளுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பிழைத்த குழந்தைகள் பிழைத்தவர்கள்தான். ஆனால் அதிலிருந்து இரண்டு விஷயத்தை எடுத்துக்கொள்ளலாம். வலையும் மருந்தும் வேலை செய்கின்றன. அதற்கு ஒரு கிராமத்தைச் சுற்றிக் கோடு போட வேண்டியதில்லை. அடுத்து, வெளியிலிருந்து எல்லாவற்றையும் திட்டம் போட்டுக் கொடுத்தாலும் வீட்டுக்குள் புழங்கும் பணம் தானாகக் கூடிவிடாது. அவ்வளவு பெரிய திட்டத்துக்கே அப்படி என்றால், இருபது பேர் பத்து லட்சத்தோடு எடுத்துக்கொள்ளும் கிராமத்தில் என்ன நடக்கும் என்று யோசியுங்கள். பெயர்ப்பலகை இருக்கும். பக்கத்துக் கிராமத்தோடு மனத்தாங்கல் இருக்கும். மூன்றாம் வருடம் முடிந்ததும் யாரும் இருக்க மாட்டார்கள்.

இப்போது வலை. இதைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல வேண்டும்.

1997 முதல் 1999 வரை இதே சியாயாவின் அசெம்போ, கெம் பகுதிகளில் இருநூறுக்கும் மேற்பட்ட கிராமங்களில் ஒரு பெரிய சோதனை நடந்தது. குலுக்கிப் போட்டுப் பாதிக் கிராமங்களுக்கு மருந்து தோய்த்த வலை கொடுத்தார்கள். ஒரு மாதம் முதல் ஒரு வயது வரையான குழந்தைகளின் சாவு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்தது. அதைவிட என்னை அசைத்த விஷயம் வேறு. வலை கிடைக்காத வீடுகளிலும், வலை உள்ள வீடுகளிலிருந்து 300 மீட்டருக்குள் இருந்தால், கிட்டத்தட்ட அதே பாதுகாப்பு கிடைத்தது. மருந்து தோய்த்த வலை வெறும் தடுப்பு இல்லை; அதில் வந்து உட்காரும் கொசு சாகிறது. ஊரில் கொசு குறைகிறது, வலை இல்லாதவனும் தப்பிக்கிறான். அதனால்தான் ஐம்பது ஏழை வீடுகளைப் பொறுக்கி எடுத்துக் கொடுப்பதைவிட, விட்டுப்போகாமல் எல்லா வீட்டுக்கும் கொடுப்பது நல்லது. 2000 முதல் 2015 வரை ஆப்பிரிக்காவில் தடுப்பு முயற்சிகளால் தவிர்க்கப்பட்ட மலேரியாக் காய்ச்சல்கள் 66 கோடிக்கு மேல் என்று ஒரு பெரிய ஆய்வு கணக்கிட்டது. அதில் மூன்றில் இரண்டு பங்கு இந்தச் சாதாரண வலையால்.

"சும்மா கொடுத்தால் அருமை தெரியாது" என்பது நம் வீடுகளிலும் எல்லோரும் சொல்லும் வார்த்தை. நானும் ஒரு காலத்தில் சொன்னேன். மேற்கு கென்யாவில் இதையும் சோதித்தார்கள். ஜெசிகா கோஹென், பாஸ்கலின் டூபா என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் பேறுகால மருந்தகங்களில் கர்ப்பிணிகளுக்கு வலை கொடுத்தார்கள். சில இடத்தில் இலவசம், சில இடத்தில் 10 ஷில்லிங், சில இடத்தில் 20, சில இடத்தில் 40. நாற்பது ஷில்லிங் என்றால் அப்போது அமெரிக்கக் காசில் அறுபது சென்ட். அந்த விலைக்கு ஏற்றியதும் வலை வாங்கிய பெண்களின் விகிதம் 60 சதவீதப் புள்ளிகள் விழுந்தது. காசு கொடுத்து வாங்கியவர்கள் இலவசமாகப் பெற்றவர்களைவிடக் கவனமாகக் கட்டிப் படுத்தார்களா? இல்லை. இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான். டூபா பிறகு செய்த இன்னொரு ஆய்வில், முதலில் மலிவாகவோ இலவசமாகவோ பெற்றவர்கள் அடுத்த வலையைக் காசு கொடுத்து வாங்க மற்றவர்களைவிடத் தயாராக இருந்தார்கள். ஒரு மாதம் நிம்மதியாகத் தூங்கிப் பார்த்தவருக்கு அதன் அருமையை வேறு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. உங்கள் குழுவில் விலை வைக்கச் சொல்லும் நண்பரிடம் இதைச் சொல்லுங்கள். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் அந்த அறுபது சென்ட் தடுத்து நிறுத்துவது மிக ஏழையான கர்ப்பிணியைத்தான்.

வலையை மீன் காயப்போடப் பயன்படுத்துகிறார்களே என்ற படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். உண்மைதான். ஏரிக்கரை ஊர்களில் ஒமெனா என்ற நெத்திலி போன்ற சின்ன மீனை வலைமேல் பரப்பிக் காயவைப்பதை நானே பார்த்திருக்கிறேன். கிட்டப் போய்ப் பார்த்தால் பெரும்பாலும் கிழிந்த பழைய வலை. புது வலை வந்ததும் பழையதைத் தூக்கி எறியாமல் வேறு வேலைக்கு வைத்துக்கொள்கிறார்கள், நம் வீட்டில் பழைய புடவை கரித்துணி ஆவதுபோல. அந்தப் படத்தைக் காட்டி உதவியை நிறுத்தச் சொல்பவர்களை நம்பாதீர்கள்.

உண்மையான சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. வீட்டில் அம்மா, அப்பா, கைக்குழந்தை படுக்கும் கட்டிலுக்கு மேலே வலை தொங்கும். எட்டு, பத்து வயதுப் பிள்ளைகள் முன்னறையில் படுப்பார்கள். பகலில் நாற்காலியும் மேசையும் இருக்கும் அதே இடத்தில், இரவில் அவற்றை ஓரம் தள்ளிவிட்டுப் பாயை விரிப்பார்கள். அங்கே தினமும் வலையைக் கட்டி, தினமும் அவிழ்க்க வேண்டும். மண் சுவரில் ஆணி நிற்காது. அதனால் அந்தப் பிள்ளைகள் வலையில்லாமல் படுக்கிறார்கள். அவர்களுக்குப் பல நேரம் காய்ச்சல்கூட வராது, உடம்பு பழகிவிட்டிருக்கும். ஆனால் கிருமி அவர்கள் ரத்தத்தில் இருக்கும். அவர்களைக் கடித்த கொசு சில நாள் கழித்துக் கைக்குழந்தையையும் கடிக்கலாம். ஒரு வீட்டில் பாட்டி ஒருவர் கூரைக் கழியில் நான்கு சணல் கயிறுகளைத் தொங்கவிட்டு, நுனியில் சுருக்கு வைத்திருந்தார். ராத்திரி வலையின் நான்கு மூலையையும் சுருக்கில் மாட்டுவார், காலையில் கழற்றி மடித்துவிடுவார். ஒரு நிமிட வேலை. வலை விநியோகத்துக்குப் பணம் கொடுக்கும்போது, வீடு வீடாகப் போய்க் கட்டிக் காட்டும் ஆளுக்கும் அதில் இடம் இருக்கிறதா என்று கேளுங்கள்.

அப்புறம் இன்னொன்று. கொசு மாறிவிட்டது. பைரித்ராய்டு என்ற பழைய மருந்து மட்டும் தோய்த்த வலைக்குப் பல இடங்களில் கொசு சாவதில்லை. இப்போது இரண்டு மருந்து கலந்த வலைகள் வந்துவிட்டன; உலக சுகாதார நிறுவனம் 2023-ல் அவற்றைப் பரிந்துரைத்தது. விலை கொஞ்சம் கூடுதல். மலிவு என்று பழைய ரகத்தை மொத்தமாக வாங்கி அனுப்பிவிடாதீர்கள். அந்த மாவட்டத்தில் எந்த ரகம் எடுபடும் என்பது அங்குள்ள சுகாதார அலுவலகத்துக்குத் தெரியும்.

எந்த ரகமானாலும் ஏறத்தாழ மூன்று வருடத்தில் கிழிந்துவிடும். நீங்கள் வெளியேறத் திட்டமிட்டிருக்கும் அதே நேரத்தில். நடுவில் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு இலங்கையைப் பாருங்கள். 1963-ல் அந்தத் தீவில் மலேரியா 17 பேருக்கு மட்டும்தான். மருந்தடிப்பைத் தளர்த்தினார்கள். 1960-களின் முடிவில் லட்சக்கணக்கில் திரும்பி வந்தது. அதை முழுமையாக ஒழித்து 2016-ல் சான்றிதழ் பெற இன்னும் அரை நூற்றாண்டு உழைக்க வேண்டியிருந்தது. 2025-ல் ஆப்பிரிக்காவுக்கு அந்த ஆபத்து நெருங்கி வந்தது. ஜனவரியில் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்தது, ஜூலையில் அந்த உதவியை நிர்வகித்த யூஎஸ்எய்ட் அமைப்பையே மூடிவிட்டது. இருபது வருடமாக வலைக்கும் சோதனைப் பட்டைக்கும் மாத்திரைக்கும் வந்துகொண்டிருந்த பணத்தில் பெரும் பகுதி ஆட்டம் கண்டது. உங்கள் பத்து லட்சம் அந்த ஓட்டையை அடைக்காது. ஆனாலும் இந்த நேரத்தில் கொடுப்பதற்கு எப்போதையும்விட மதிப்பு அதிகம் என்று நினைக்கிறேன்.

நம் ஊரோடு நேரடியாகத் தொடர்புள்ள விஷயம் ஒன்று. சென்னையில் மேல்நிலைத் தொட்டியிலும் கிணற்றிலும் வளர்ந்து மலேரியா பரப்பும் அனாஃபிலஸ் ஸ்டெஃபன்சி கொசு, 2012-ல் ஜிபூட்டியில் தென்பட்டு, எத்தியோப்பியா, சூடான், கென்யா என்று பரவிவிட்டது. ஆப்பிரிக்காவின் பழைய மலேரியாக் கொசு கிராமத்துக் குட்டைகளில் வளர்வது; இது நகரத்துத் தண்ணீர்த் தொட்டியைத் தேடிப் போவது. தொட்டிக்கு மூடி போடுவது, கிணற்றில் மீன் விடுவது என்று சென்னை மாநகராட்சி ஊழியர்களுக்குப் பல பத்தாண்டு அனுபவம் இருக்கிறது. உங்கள் குழுவில் பொதுச் சுகாதாரத்தில் வேலை செய்தவர் யாராவது இருந்தால், நேரில் போய் உதவ நியாயமான காரணம் உள்ளவர் அவர் ஒருவர்தான். மற்றவர்களின் விமானச் செலவை அங்கேயே உள்ளவர்களுக்குக் கொடுத்துவிடலாம். சுவருக்கு வண்ணம் அடிக்கத் தெரிந்தவர்கள் சியாயாவில் நிறைய, வேலைதான் இல்லை.

இப்போது வறுமை. இங்கேயும் என் பதில் சங்கடமான அளவுக்கு எளிமையானது: பணமாகவே கொடுங்கள். கிவ்டைரக்ட்லி என்ற அமைப்பு சியாயாவில் 653 கிராமங்களை உள்ளடக்கிய ஓர் ஆய்வில், கூரை வீட்டில் வாழும் சுமார் 10,500 குடும்பங்களுக்குத் தலா ஏறக்குறைய 1,000 டாலரைக் எம்-பெசா என்ற கைபேசிப் பணச் சேவை வழியே போட்டது. நிபந்தனை எதுவும் இல்லை. குடித்தே தீர்ப்பார்கள் என்று சொன்னவர்கள் உண்டு. நடந்தது வேறு. தகரக் கூரை போட்டார்கள், மாடு வாங்கினார்கள், பள்ளிக் கட்டணம் கட்டினார்கள். அந்தப் பணம் ஊர்க் கடைகளிலும் சந்தையிலும் சுற்றியதில், போட்ட ஒவ்வொரு டாலருக்கும் அந்த வட்டாரத்தில் சுமார் இரண்டரை டாலர் அளவுக்குப் பொருளாதாரம் பெருகியது. பணம் வாங்காத வீடுகளும் பலனடைந்தன. விலைவாசி ஏறவே இல்லை என்று சொல்லும் அளவுக்கு மிகச் சிறிதாகத்தான் ஏறியது.

அதே குடும்பங்களைத் தொடர்ந்து பார்த்து 2025-ல் ஒரு முடிவு வெளியானது. படித்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். பணம் பெற்ற வீடுகளில் ஒரு வயதுக்குள் இறக்கும் குழந்தைகள் ஏறத்தாழ பாதியாகக் குறைந்திருந்தார்கள். பிரசவத்தை ஒட்டிப் பணம் கிடைத்தவர்களுக்கும், மருத்துவர் உள்ள ஆஸ்பத்திரி பக்கத்தில் இருந்தவர்களுக்கும் பலன் அதிகம். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் பெண்கள் வயல்வேலையை வெகுவாகக் குறைத்துக்கொண்டார்கள், பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். மோட்டார் சைக்கிளுக்குக் காசில்லாமல் மூன்று நாள் காத்திருந்த அந்த அம்மாவை நினைத்துக்கொண்டேன்.

விவசாயத்துக்குத்தான் கொடுப்போம் என்று உங்களில் யாராவது உறுதியாக இருந்தால், ஏரியின் மறுகரையில் ம்பிட்டாவில் ஆய்வு நிலையம் வைத்திருக்கும் இசிப்பே என்ற பூச்சி ஆய்வு நிறுவனத்தின் தள்ளு-இழு முறையைப் பாருங்கள். நம் ஊரில் சோளத்தின் வேரில் ஒட்டி உறிஞ்சும் சுடுமல்லி தெரியுமல்லவா? அதன் உறவுக்காரக் களை ஒன்று அங்கே மக்காச்சோளத்தைக் கருக்குகிறது. அங்கே பேசும் லுவோ மொழியில் அதன் பெயர் கயோங்கோ. ஊதாப் பூவோடு பார்க்க அழகாக இருக்கும், விளைச்சல் போய்விடும். வரிசைக்கு நடுவே டெஸ்மோடியம் என்ற தீவனப் பயிரை விதைத்தால் இந்தக் களை அடங்குகிறது, தண்டுத் துளைப்பான் பூச்சியும் விலகிப் போகிறது. வயலைச் சுற்றி நேப்பியர் புல் வைத்தால் பூச்சி அங்கே போய் முட்டையிடுகிறது. இரண்டும் மாட்டுக்குத் தீவனம். உரக்கடைக்குப் போகாமல் செய்யக்கூடியது என்பதால் எனக்குப் பிடித்த முறை.

தடுப்பூசியைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆர்21 என்ற மலேரியாத் தடுப்பூசியைப் புனேயின் சீரம் நிறுவனம்தான் தயாரிக்கிறது. நாலு தவணை போட வேண்டும். அதை அரசுகளும் சர்வதேச அமைப்புகளும் வாங்குகின்றன, நீங்கள் வாங்கத் தேவையில்லை. நாலாவது தவணைக்குக் குழந்தை வராமல் போவதுதான் பிரச்சினை. அதை வீட்டுக்குப் போய் நினைவூட்டுபவர்கள் ஊர்ச் சுகாதாரப் பணியாளர்கள்.

கடைசியாக நடைமுறை. இந்தியாவில் வசிக்கும் ஒரு தனிநபர், ரிசர்வ் வங்கியின் தாராளப் பணம் அனுப்பும் திட்டத்தின் கீழ் ஆண்டுக்கு இரண்டரை லட்சம் டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம். நன்கொடையும் அதில் அடக்கம். வெளிநாட்டு அமைப்புக்குக் கொடுப்பதற்கு 80ஜி வரிச்சலுகை கிடையாது. இதற்கென்று அறக்கட்டளை தொடங்காதீர்கள், அதில் சிக்கல் அதிகம். ஆளுக்கு ஆள் தனித்தனியாக அனுப்புவது சுலபம்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால், பத்து லட்சத்தை ஒரே வருடத்தில் அனுப்ப மாட்டேன். முதல் வருடம் நான்கு லட்சம் வலைக்கு. அகெய்ன்ஸ்ட் மலேரியா பவுண்டேஷன் போல வலை மட்டுமே கொடுத்து, கொடுத்த பின் வீடுகளுக்குப் போய்ச் சரிபார்த்து, கணக்கை வெளியிடும் அமைப்பைத் தேர்ந்தெடுப்பேன். வாங்கி வீடுவரை சேர்க்க ஒரு வலைக்கு ஐந்து டாலர் என்று வைத்தாலும் எண்ணூறு வலைக்கு மேல் வரும். இரண்டு பேருக்கு ஒரு வலை என்பது அங்கே கணக்கு. இரண்டாம் வருடம் மூன்று லட்சம் நேரடிப் பணமாக, மூன்று குடும்பங்களுக்கு. மீதி மூன்று லட்சத்தை வங்கியில் போட்டுவைப்பேன். முதல் வருடம் கொடுத்த வலைகள் கிழியத் தொடங்கும்போது அது தேவைப்படும். அதற்குள் இன்னும் பத்து நண்பர்கள் மாதம் ஐந்நூறு ரூபாய் போட ஒப்புக்கொண்டால், ஆறாம் வருடத்து வலைகளுக்கும் அதிலிருந்து ஒரு பகுதியை எடுக்கலாம்.